உன் சட்டைப் பையில் இருந்த தக்கை

மச்சான்,

இன்று காலை துணி துவைக்க எடுத்த என் மனைவி, என் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ரப்பர் தக்கையை வெளியே எடுத்தாள். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். ரப்பரும் டீசலும் உப்பும் சேர்ந்த வாடை. "இன்னாங்க இது, பாட்டில் மூடி மாறி கீது?" என்றாள். "வண்டி சாமான்" என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். அவளுக்கு அந்தப் பதில் போதும். எனக்குத்தான் போதவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே இரண்டு வரிக்கு மேல் எதையும் நீ படித்ததில்லை.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தபோது, நான் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். ட்ரெய்லரின் இடது டயருக்குப் பாதிக் காற்று அடித்ததோடு விட்டுவிட்டு ஓடி வந்தேன். அந்த டயர் ரொம்ப நாள் அப்படியே கிடந்தது.

நம் பிழைப்பை வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கடற்கரையில் ஈரக் காற்றுக்கு ஒட்டு சரியாகப் பிடிக்காது என்று கருங்குழிப் பக்கம் ஒருவர் ஃபைபர் படகுகளுக்குப் பட்டறை போட்டிருக்கிறார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் மீனவர் குப்பங்களிலிருந்து அடிபட்ட படகை அங்கே இழுத்து வருவதும், ஒட்டுப் போட்டதைத் திரும்பக் கரையில் சேர்ப்பதும் நம் வேலை. ஒரு டீசல் பிக்கப், பின்னால் மதுராந்தகத்தில் வெல்டிங் வைத்துச் செய்த ட்ரெய்லர், முன் சீட்டில் நாம் இரண்டு பேர்.

காலியாக ஓடினால் வண்டி லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுக்கும். படகு மாட்டினால் ஒன்பது. நடுவில் இருக்கிற அந்த ஐந்து கிலோமீட்டர் எங்கே போகிறது என்பதுதான் உன் ஆயுசுக்கும் இருந்த கேள்வி. "படகோட மூக்கு காத்த குடிக்குது மச்சான்" என்பாய். தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டுவாய், அது படபடத்தால் அரை கிலோமீட்டர் போச்சு என்று. ஐம்பதுக்கு மேல் முள் ஏறினால் என் தொடையில் தட்டுவாய். "படகு தண்ணியிலதான் லேசு. ரோட்ல அது ஒரு வூடு. வூட்ட இழுத்துகினு யாராச்சும் ஓடுவானா?"

கிளம்பும்போது கருங்குழியில் டேங்கை வாய் வரை நிரப்புவாய். மாமல்லபுரம் போனதும் மறுபடி வாய் வரை. உள்ளே காற்று தங்கிவிடக் கூடாது என்று வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்து ஆட்டுவாய். பங்கில் டீசல் போடும் அந்தப் பெண் ஒருநாள் கேட்டாள்: "இன்னாண்ணா, வண்டியத் தாலாட்டி தூங்க வெக்கிறீங்களா?" நீ சிரிக்கவில்லை. பெட்ரோல் பங்கில் நீ சிரித்து நான் பார்த்ததில்லை. ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து, டாஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் கறுப்பு மார்க்கரால் எழுதுவாய். படகு இழுத்த நாள் என்றால் எண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு படகு. மூடி முழுக்க ஒன்பது, ஒன்பது, ஒன்பதரை. ஒரே ஓர் இடத்தில் ஏழு.

அந்த ஏழு என்னுடையது. ஐந்து வருஷமாக அது என்னுடையதாகவே இருந்தது.

அன்று நான்தான் ஸ்டியரிங்கில். முற்பகல், நல்ல வெயில். கிளம்பியதிலிருந்தே வண்டி முக்கி முனகியது. "இன்னா மச்சான், இப்டி இழுக்குது?" என்று கேட்டேன். "நீ ஓட்ற அழகுக்கு வேற எப்டி இழுக்கும்?" என்றாய். மாமண்டூர் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறினோம். ஆம்னி பஸ் ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி கடந்து போனது. அதன் காற்று பட்டதும் ட்ரெய்லர் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் கூடுதலாக. ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடியில் பாலத்தின் கைப்பிடிச் சுவர், அடுத்த நொடி படகின் மூக்கு, மறுபடி சுவர். கீழே பாலாறு, மணலும் முள்செடியும். நீ மட்டும் குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "பிரேக் மிதிக்காத. கால எடு. தானா அடங்கும்." அடங்கியது.

மாமல்லபுரம் பங்கில் வகுத்துப் பார்த்தால் ஏழு. "உன் காலு கனம் மச்சான். அதான் இப்டி குடிச்சிக்கீது" என்றாய். என்னைத் தேற்றச் சொன்ன கிண்டல்தான் அது. கரை சேர்ந்ததும் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், இனி படகு மாட்டிய வண்டியைத் தொடுவதில்லை என்று. நீ பின்னால் போய்ப் படகை இறக்குகிற வேலையைப் பார்த்தாய். திரும்பி வந்தபோது உன் முகம் ஒரு மாதிரி இருந்தது. எனக்காகப் பயந்திருக்கிறாய் என்று நினைத்தேன். வரும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரை நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாய். அப்புறம் சொன்னாய்: "இனிமே படகு மாட்டினா நான் ஓட்றேன். காலியா வந்தா நீ ஓட்டு. மைலேஜுக்கு அதான் நல்லது."

எனக்கு உயிர் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. பட்டறையில் எனக்குக் 'காலி டிரைவர்' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். நீ மட்டும் கிளாஸைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாய். நண்பனை விட்டுக்கொடுக்காதவன் என்று அதற்கும் உன் மேல் எனக்கு மதிப்பு. படகின் தக்கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அதற்கப்புறம்தான் உனக்கு வந்தது. படகின் பின்னடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை, அதை அடைப்பதற்கு ஒரு தக்கை. ரோட்டில் போகும்போது அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். அதைப் பிடுங்கி, பையில் போட்டு, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். கரையில் படகுக்காரர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. உனக்கு வயசாகிறது, பைத்தியம் முற்றுகிறது என்று கேலி செய்திருக்கிறேன்.

கடைசியாக நீ இழுத்து வந்த படகின் தக்கைதான் உன் பையில் இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். "அவரு சட்டப் பையில இருந்துச்சிண்ணா. இன்னான்னு தெரில. தூக்கிப் போட மனசு வரல." எனக்குத் தெரியும். வாங்கி டாஷ்போர்டு பெட்டியில் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு நான் படகு இழுக்கவில்லை. கேளம்பாக்கத்தில் அடுக்கு மாடிக்குக் குடிவருகிறவர்களின் பீரோ, வாஷிங் மெஷின், சிறுசேரி ஆபீஸ்களுக்கு நாற்காலி என்று ஏற்றிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. முள் எழுபதைத் தொட்டாலும் தொடையில் தட்டுவதற்குக் கை இல்லை. ஒருநாள் காலியாகத் திரும்பும்போது வண்டி பதினான்கரை கொடுத்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சரி, கை கழுவிட்டு வாங்க" என்றாள். அவள் மேல் தப்பில்லை. பதினான்கரை என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நீ.

போன மாதம், நீ கடைசியாக இழுத்து வந்த அந்தப் படகின் சொந்தக்காரர் பைக்கில் வீட்டுக்கே வந்துவிட்டார். முன்பு அந்த ஏழு வந்த நாளில் நாம் கொண்டுபோனதும் அவர் படகுதான். "அண்ணாத்த, ஒட்டு வேலை முடிஞ்சி ரெண்டு மாசமா படகு பட்டறையில கெடக்குது. நான் கடலுக்கு எப்டி போவுறது?"

"நான் படகு இழுக்கிறதில்ல. வேற ஆளப் பாருங்க."

"இன்னாத்துக்கு?"

சொன்னேன். பாலம், பஸ், ஆட்டம், ஏழு, என் கால் கனம்.

"அண்ணாத்த, அன்னிக்குப் படகுல தண்ணி இருந்துச்சே."

"இன்னா தண்ணி?"

"ஒட்டு கசியுதான்னு பாக்க பட்டறையில ஊத்துவாங்களே, அந்தத் தண்ணி. தார்ப்பாய்க்கு அடியில கணுக்கால் வரைக்கும் நின்னுகினு இருந்துச்சி. நீங்க டீக்கடையில குந்திகினு இருந்தீங்க. உங்காளுதான் தக்கையப் புடுங்கினாரு. கால் மணி நேரம் ஊத்துச்சி. அப்பறம் என்னப் பாத்து, 'நீ எதும் சொல்லாத, நானே அவன்கிட்ட சொல்லிக்கிறேன்'னாரு." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சொல்லலியா?"

சொல்லவில்லை மச்சான். ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய், சொல்லவில்லை.

சின்ன ஒட்டு என்றால் படகை ட்ரெய்லரிலிருந்து இறக்க மாட்டார்கள். மேலேயே வைத்து ஒட்டி, தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். கிளம்புவதற்கு முன் தக்கையைப் பிடுங்கி வடிக்க வேண்டியது உன் வேலை. நீ மறந்துவிட்டாய். அத்தனை தண்ணீர் உள்ளே அலைமோதினால் எந்த ட்ரெய்லர்தான் ஆடாது, எந்த வண்டிதான் ஏழுக்கு இறங்காது? எனக்கு அன்று உன் மேல் வந்த கோபம், நீ எதிரில் இருந்திருந்தால் கை நீட்டியிருப்பேன். காலி டிரைவர் என்று பல்லைக் காட்டி நின்றேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உன் வீட்டுப் பக்கம் போய், மாலை போட்ட உன் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல், வாசலிலிருந்தே திரும்பி வந்தேன். சண்டை போட வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் படகை நானே இழுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீம்புதான். உன்னைப் பொய்யனாக்கிப் பார்க்க வேண்டும் என்ற வீம்பு.

பட்டறையில் ட்ரெய்லரை மாட்டினேன். அன்று பாதியில் விட்ட டயருக்குக் காற்று அடித்தேன். கருங்குழியில் டேங்கை வாய் வரை நிரப்பி, தனியாக நின்று வண்டியை ஆட்டினேன். பாலம் வருவதற்கு முன்பே முள்ளை நாற்பதுக்கு இறக்கினேன். நடுப் பாலத்தில், சொல்லி வைத்த மாதிரி, ஒரு பஸ் கடந்தது. ட்ரெய்லர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நேராக வந்தது. அவ்வளவுதான். இதற்கா ஐந்து வருஷம் என்று இருந்தது. செங்கல்பட்டில் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் அழுதேன். மாமல்லபுரத்தில் வகுத்துப் பார்த்தேன். ஒன்பது புள்ளி இரண்டு. என் கால் கனமில்லை மச்சான். உன் கால் எவ்வளவோ அவ்வளவுதான்.

கரையில் தக்கையை எடுத்து, நீ செய்வது போலவே, படகுக்காரர் உள்ளங்கையில் வைத்தேன். டாஷ்போர்டு சூட்டில் கிடந்து அது வெடித்திருந்தது. "இது ஆவாது அண்ணாத்த. எங்கிட்ட வேற கீது" என்று திருப்பிக் கொடுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் படகைத் தள்ளுவதைப் பார்த்து நின்றபோதுதான் அந்த ஏழு வந்த நாளின் காலைப் பொழுது எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது.

பட்டறையில் கிளம்புவதற்கு முன் நீ பின்னால் போனாய். படகின் பின்பக்கம்தான் போனாய். குனிந்ததைக்கூடக் கண்ணாடியில் பார்த்தேன். நான் இன்ஜினை உறும விட்டு, விடாமல் ஹாரன் அடித்தேன். "வா மச்சான், இன்னா தடவிகினு இருக்கிற, வெயில் ஏறுது" என்று கத்தினேன். நீ நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே ஓடி வந்து ஏறினாய்.

அதையும் நீ ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. மறந்தேன் என்று சொன்னால், ஏன் மறந்தாய் என்று நான் கேட்டிருப்பேன். கேட்டால் ஹாரன் கதையும் வந்திருக்கும். அதற்குத்தான் சொல்லவில்லையா, இல்லை சொல்ல வெட்கமா, எனக்குத் தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். அதற்காக ஐந்து வருஷம் பாரத்தை நீயே இழுத்தாய், எனக்குக் காலி வண்டியைக் கொடுத்தாய்.

மூடியில் ஒன்பது புள்ளி இரண்டை எழுதிக் கீழே ஒரு படகு போட்டேன். உன் படகு மாதிரி வரவில்லை, செருப்பு மாதிரி வந்தது. ஏழு என்று நீ எழுதியதை அழிக்கவில்லை. அது நம் இருவருடையதும்.

இப்போது வாரத்துக்கு ஒரு படகு இழுக்கிறேன். கிளம்புவதற்கு முன் பின்னால் போய் உட்கார்ந்து தக்கையைப் பிடுங்குகிறேன். கடைசிச் சொட்டு வரை பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முன்பக்கம் காதைக் கொடுத்து, கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்திருக்கிறேன். ஹாரன் அடிக்க யாரும் இல்லை.