கடைசி வண்டியின் முட்டிவலி

என் கோமதி அக்காவுக்கு,

இமாச்சல மலையில் ஜலோரி கணவாய்க்குப் போய்விட்டு முந்தாநாள்தான் தில்லி திரும்பினோம். முதுகு இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. வெயில் பட்ட இடம் ஒரு நிறம், கையுறை மூடிய இடம் ஒரு நிறம். இந்த லட்சணத்தோடு ஆபீசுக்கும் போய்விட்டு வந்து, முதல் வேலையாக உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் இல்லாமல் மலைக்குப் போகமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தேன். "பொம்பளைங்க மலையில மோட்டார் சைக்கிள் ஓட்டினா ஒருநாள் இல்ல ஒருநாள் போய்ச் சேர வேண்டியதுதான்" என்று எத்தனை பேர் உங்களைப் பயமுறுத்தினார்கள்! நீங்களோ அத்தனை மலையும் ஏறி இறங்கிவிட்டு, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், சொந்தக் கட்டிலில், வெறும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹர்ப்ரீத் என்னை விடவில்லை. எப்போதும்போல் அவள்தான் முதல் வண்டி. "கடைசி வண்டி இனி நீதான்" என்று அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நம் கூட்டத்திலேயே மெதுவாக ஓட்டுகிறவள் நான். எனக்குப் பின்னால் நீங்கள். கடைசி வண்டி யாரையும் முந்தக் கூடாது, முன்னால் போகிறவள் நத்தையாக ஊர்ந்தாலும் பின்னாலேயே வரவேண்டும் என்பது நம் சட்டம். ஏழு வருடம் என் வலது கண்ணாடியில் உங்கள் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவள், அந்தக் கண்ணாடி காலியாக இருந்தால் எப்படி ஓட்டுவேன்? அந்தப் பயத்தை ஹர்ப்ரீத்திடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் ஓட்டியது யார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நம் சாவித்ரி மேடம்! நீங்கள் லீவு விண்ணப்பத்தை நீட்டினால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, பத்து நாளை ஆறு நாளாக்கிக் கொடுப்பாரே, அதே மேடம்தான். உங்கள் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோமதி கேட்ட லீவை நான் ஒரு தடவைகூட முழுசா குடுத்ததில்ல, சுதா. அவ அங்க என்னதான் பாத்தான்னு நானும் பாக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். ரிட்டயர் ஆனவர், ஸ்கூட்டரை விட்டு மோட்டார் சைக்கிள் பழகினார். இரண்டு முறை விழுந்ததாக அவரே சொன்னார். எத்தனை முறை என்று அவர் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

வழியில் முர்த்தல் தாபாவில் பராத்தா சாப்பிடும்வரை மேடம் ராணி. மலை ஆரம்பித்ததும் ஆள் பேச்சையே நிறுத்திவிட்டார். ஜிபி கிராமம் தாண்டியதும் அந்த ஏற்றம் உங்களுக்குத் தெரியுமே, முதல் கியரை விட்டு மாற்றவே முடியாது. மேடத்தின் வண்டி திணறியது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. அவராக நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நம் செக்‌ஷனை அதட்டி ஆண்டவர் எப்படி "முடியல" என்பார்?

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். நான் திணறும் ஒவ்வொரு ஏற்றத்திலும் பின்னாலிருந்து இரண்டு ஹார்ன் அடிப்பீர்கள். "ஏட்டி சுதா, முட்டி என்னமா வலிக்கி தெரியுமா! செத்த நில்லு" என்பீர்கள். நீங்கள் முட்டியைத் தேய்த்துக்கொள்ளும் நேரத்தில் நான் மூச்சு வாங்கிக்கொள்வேன். பாவம் அக்கா என்று உங்களுக்கு மூன்று முட்டிப் பட்டை வாங்கிக் கொடுத்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது உங்கள் மகள் மூன்றையும் கொண்டுவந்து தந்தாள். உறைகூடப் பிரிக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி என்று உங்களை அழுதுகொண்டே திட்டினேன்.

மேடத்துக்கு இரண்டு ஹார்ன் அடித்தேன். நின்றார். ஹெல்மெட்டைத் தூக்கினால் முகமெல்லாம் வியர்வை.

"நீங்க முன்னாடி போயிடுங்க சுதா. நான் ஆராம்ஸே, மெதுவா வர்றேன்."

"அதில்ல மேடம்" என்றேன். என் வாய் அதுவாகச் சொன்னது: "எனக்குத்தான் முட்டி பயங்கரமா வலிக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கலாமா?"

"அரே, இந்த வயசுலயே முட்டியா?" மேடத்தின் தோள் இறங்கியது. பழைய அதிகாரம் திரும்பி வந்துவிட்டது. "உக்காருங்க, உக்காருங்க. ஜல்தி என்ன இருக்கு?"

நான் பாறையில் உட்கார்ந்து, வலியே இல்லாத முட்டியைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அக்கா, உங்கள் முட்டிக்கு ஒன்றுமே இல்லை, இல்லையா?

ஏழு வருடம்! நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தன. மேடம் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ரொம்ப வலிக்குதா?" என்றார். ரொம்ப என்று தலையாட்டினேன். அதற்கப்புறம் எனக்கு இன்னும் நான்கு இடத்தில் முட்டி வலித்தது. கண்ணாடியைப் பார்க்க நேரமே இல்லை, கண்ணெல்லாம் மேடத்தின் பின்சக்கரத்தில். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் மேடம் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, "கோமதிக்கு முழு லீவும் குடுத்திருக்கணும்" என்றார். அப்புறம் ஹர்ப்ரீத்தைத் தனியாக அழைத்து, "சுதாவைப் பாத்துக்கோ, பாவம், அவளால ஏத்தம் ஏற முடியல" என்று சொல்லியிருக்கிறார்.

நாளை எனக்கு முட்டித் தைலம் கொண்டுவருகிறாராம். வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், பிரிக்காமல். அடுத்த வருடம் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கும் வருகிறேன் என்கிறார். அவர் எத்தனை இடத்தில் திணறுகிறாரோ, அத்தனை இடத்திலும் எனக்கு முட்டி வலிக்கும். இது உங்கள்மேல் சத்தியம்.

முட்டி நன்றாக இருக்கும்
உங்கள் தங்கை,
சுதா