தொட்டிக்கு ஆகாத எண்ணெய்

என்னங்க,

உடையார்பாளையத்தில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். காமாலையில் நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திதிக்கு மூன்று நாள் லீவில் வந்தேன். அலுப்பாக இருக்கிறது, அழக்கூடத் தெம்பில்லை. வேலையை விடுவதா, நம் மகள் செல்வியை இங்கேயே விட்டுவிட்டு மறுபடியும் போவதா என்று நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

உங்கள் வேலையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். கடற்கரையில் அதே நண்டுக் கொட்டகை, அதே தொட்டிகள். டப்பாவில் வரும் இறால் முட்டையை உப்புத் தண்ணீரில் பொரிக்கவைத்து, தூசியாக நீந்தும் அந்தக் குஞ்சுகளைத் துணியில் வடித்து, நண்டுக் குஞ்சுகளுக்கு உயிரோடு விடுகிறேன். ஒரு வேளை இரை தவறினால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இதெல்லாம் ஒரு வேலையா என்று உங்களை எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். சீயக்காய் போட்டும் கையில் பிசுக்கு இருந்திருக்கிறது. அந்தக் கையாலேயே இரை விட்டேன். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்து, இரையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் தொட்டி முழுக்கச் செத்துக் கிடந்தது.

“எண்ண வச்சிட்டு தொட்டிப் பக்கம் வரலாமாம்மா? உங்க வூட்டுக்காரரு ஒரு நாளும் அப்படி வந்ததில்லியே” என்றார் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சார்.

அப்போதுதான் நம் தலைத் தீபாவளி நினைவுக்கு வந்தது. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்க, “வேணாங்க அத்த, சாயங்காலம் வேலைக்குப் போவணும்” என்றீர்கள். மாப்பிள்ளை நம்மை மதிக்கவில்லை என்று அம்மா அழுதாள். நான் ஒரு மாதம் உங்களுக்குக் கடிதம் போடவில்லை. ஏன் காரணத்தைச் சொல்லவில்லை? சொன்னால் சிரிப்பேன் என்று நினைத்தீர்களா? சிரித்திருப்பேன்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

“வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு தனம். முந்திரித் தோப்பு இருக்கு, சோத்துக்கு என்ன பஞ்சம்?” என்கிறார் அண்ணன். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அது அவர் சோறு. என் கையால் நண்டாக்கிய குஞ்சுகளை நான் பார்த்துவிட்டேன்.

இன்று மதியம் செல்வி என் பையைத் தடவியபடி, “நீ எப்பம்மா ஊருக்குப் போவ?” என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

இதை எழுதும் நடுவே எழுந்துபோய் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறும்போது செல்வியும் என்னோடு ஏறுவாள். கொட்டகைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. அவள் அப்பாவை லீவு நாளில் மட்டும் பார்த்து வளர்ந்தாள். அம்மாவையும் அப்படிப் பார்க்க விடமாட்டேன், இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
செல்வியின் அம்மா,
தனம்