வாசல் கேமராவும் தூனோ புகையும்

ஐப்பசி 14, செவ்வாய்.

ஹரிபதோவின் வேலை பிழைத்தது. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

எங்கள் லேக் கார்டன்ஸ் குடியிருப்பின் வாசல் கேமராவில் தினமும் அந்தியில் பத்து நிமிடம் வெறும் வெள்ளைதான் தெரியும். காவலாளி ஹரிபதோ துணி போட்டு மூடுகிறார் என்று செயலாளர் தத்தா பாபு முடிவு கட்டிவிட்டார். அவரை நிறுத்திவிட்டு, புதிதாக எட்டு கேமரா வாங்கத் திட்டம்.

இன்று அந்தியில், கைபேசியில் படத்தைப் பார்த்தபடி கேமராவுக்குக் கீழேயே நின்றேன். ஹரிபதோவும் என் பக்கத்தில்தான் நின்றார். எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் தரைத்தள வீட்டுக்காரம்மா சங்கு ஊதிவிட்டு, தூனோ என்கிற சாம்பிராணிச் சட்டியை ஏந்தி வாசலுக்குப் புகை காட்ட வந்தார். படம் வெளுத்துப்போனது!

தத்தா பாபுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பனியில கார் லைட் போட்டா எதிரே வெள்ளையாத்தானே இருக்கும்? இருட்டினதும் இந்தக் கேமராவும் கண்ணுக்குத் தெரியாத லைட் ஒண்ணு போடும். அது புகையில பட்டுத் திரும்புது."

"அப்போ குற்றவாளி நான்தானா, மாஸ்டர்மஷாய்?" என்று வாத்தியாரான என்னைப் பார்த்து பௌதி சிரித்தார்.

"எந்தக் கேமரா வாங்கலாம்?" என்றார் தத்தா பாபு.

"ஒண்ணும் வேண்டாம். இதையே புகை எட்டாத எதிர்ச்சுவருல மாட்டுங்க."

ஹரிபதோதான் ஏணி கொண்டுவந்து மாட்டினார். பிறகு கேமராவுக்கு நேராக முகத்தைக் காட்டி, "பாபு, நான் தெரியறேனா?" என்று கேட்டார்.

தத்தா பாபு கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லாத் தெரியறப்பா" என்றார்.