ஒன்பது வருஷ நிச்சயதார்த்தமும் ஒரு சாபமும்

1931 மார்ச் 3
நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் ஜைல்ஸ். கல்யாணத்தை மறுபடியும் தள்ளிப்போடலாமாம். "அம்மா நேத்து மாடிப்படியில பேயைப் பார்த்தாங்களாம், ஹெஸ்டர்." நிச்சயமாகி ஒன்பது வருஷம், எனக்கு முப்பத்தாறு வயது. நாங்கள் தேதி குறித்தால் போதும், அவன் வீடான ஆஷ்கோம்ப் மாளிகைப் பேய்க்கு எப்படியோ சேதி போய்விடுகிறது.

மார்ச் 4
அந்தப் பேயின் கதை இது: இருநூறு வருஷத்துக்கு முன் மரியன் என்ற மருமகளை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்களாம். அவள் விட்ட சாபம்: இந்த வீட்டு மூத்த மகன் கல்யாணம் செய்தால் வருஷத்துக்குள் ஒரு சாவு. சாவு மாப்பிள்ளைக்குத்தான் என்கிறார் ஜைல்ஸின் அம்மா, சீமாட்டி ஆகத்தா.
"உங்க வீட்டுக்காரர் எழுபது வயசு வரைக்கும் இருந்தாரே?"
"முதல் வருஷமே குதிரையிலேர்ந்து விழுந்தார். சாபம் குறி தவறிடுச்சு."

மார்ச் 7
தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினேன். ஆறு மூத்த மகன்கள். ஒருவரும் எழுபதுக்கு முன் சாகவில்லை. ஆனால் ஆறு கல்யாணத்திலும் வருஷத்துக்குள் புதைக்கப்பட்டது — மாப்பிள்ளையின் அம்மா!

மார்ச் 8
கேட்டேவிட்டேன். சீமாட்டி தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார்.
"தெரியும். நான் வந்த ஏழாம் மாசம் என் மாமியாரைப் புதைச்சாங்க. ஊரே என்னைத்தான் பார்த்துச்சு."
"அப்போ பேய்?"
"நீ தேதி குறிச்சா மட்டும் என் கண்ணுக்குத் தெரியும்." பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசைம்மா."
சண்டைக்கென்று போனவள் சிந்திய தேநீரைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 11
ஜைல்ஸிடம் எல்லாம் சொன்னேன். "அப்போ தள்ளிப்போட்டுடலாமா?" என்கிறான்! மோதிரத்தைக் கழற்றி அவன் தொப்பிக்குள் போட்டுவிட்டு வந்தேன். இதுக்கா ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தேன்? சீ, போ!

மார்ச் 12
சேற்றில் நடந்து சீமாட்டியே வந்தார், கையில் மோதிரம்.
"ஒருத்தியை மழையில தள்ளினது போதும். ஜூன்ல வெச்சுக்கோங்க. எனக்கு என்ன ஆகுதோ ஆகட்டும்."
"ஜைல்ஸ் என்ன சொன்னான்?"
"அவனை யார் கேட்டா?"
இருவரும் சிரித்தோம். நான்தான் முதலில் அழுதேன்.

ஜூன் 20
கல்யாணம் முடிந்தது. மாமியார் கறுப்பு உடையில் வந்தார். தனக்கே முன்கூட்டித் துக்கமாம்.

1932 ஜூலை 2
கெடு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதை இன்று காலைதான் ஜைல்ஸ் கவனித்துச் சொன்னான். எனக்கும் நினைவில்லை, மாமியாருக்கும் இல்லை. கெடு முடிந்த அந்த நாள் முழுக்க, காளான் சூப்பில் இரண்டாம் தடவை உப்பைப் போட்டது யார் என்று நானும் மாமியாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.