வலிக்காத கால்

மாசி 9, வெள்ளி.

கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகள் கத்தினாள்.

"ஏனுங்க மாமா, தரையெல்லாம் ரத்தமுங்க!"

வெட்டிய கரும்பின் அடிக்கட்டை என் உள்ளங்காலைக் கிழித்திருந்தது. "வலிக்கவே இல்ல, அப்பறம் என்ன பெரிய காயம்?" என்றேன்.

"வலிக்காததுதானுங்க பயமே. சர்க்கரையில கால் மரத்துப் போச்சு, புண்ணு ஆறாட்டி வெரல எடுக்கோணும்னு டாக்டர் சொன்னாருங்கல்ல? செருப்புப் போடச் சொன்னா கேக்கறீங்களா?"

விளைகிற மண்ணில் செருப்போடு எங்கள் குடும்பத்தில் யாரும் இறங்கியதில்லை. அவளுக்கு அது புரியாது. இந்த நோயைப் பற்றி நானே புத்தகம் வாங்கிப் படித்தவன். சோற்றைக் குறைத்தேன். மாத்திரையை ஒரு வேளை விட்டதில்லை. காலைக் காக்கச் சொல்லியும் அதில் எழுதியிருந்தது. அது டவுன்காரர்களுக்கு என்று இருந்துவிட்டேன்.

மகன் மோகனூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போனான். நர்சுப் பெண் கட்டுப் போட்டுவிட்டு, "கண்ண மூடிக்கங்க ஐயா. தொடறப்பச் சொல்லுங்க" என்றாள். மூடிக்கொண்டு காத்திருந்தேன். பொறுமை போய்விட்டது.

"எப்பத்தான் சாமி தொடுவ?"

"ரெண்டு காலுலயும் தொட்டு முடிச்சிட்டனுங்க ஐயா."

மகன் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

புண் ஆறியதும் செருப்புப் போட்டுத்தான் கரும்புக் காட்டில் இறங்க வேண்டும். மருமகளிடம் இப்போது சொல்லப் போவதில்லை. தான் சொல்லித்தான் நான் போட்டேன் என்பாள்.