கரிப் பெட்டிக்குள் புதுப் பெற்றோல்

மச்சான்,

மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். கையிலிருந்து பெற்றோல் மணம் போகவில்லை. எல்லாம் உன் காரால்தான். நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் உன் காருக்குக் கீழே நான்தான் படுத்துக் கிடக்கிறேன்.

விஷயம் இதுதான். உன் வெள்ளைக் காரை உன் ஜெனி வருடாந்தச் சோதனைக்குக் கொண்டுபோனாள். பெற்றோல் ஆவி எங்கிருந்தோ கசிகிறது, பிங்க் ஸ்லிப் தர முடியாது, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் துண்டு இல்லாமல் ரெஜோ என்கிற கார்ப் பதிவைப் புதுப்பிக்க முடியாது, ரெஜோ முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. பிளாக்டவுனில் முதியோர் இல்லத்தில் அவளுக்குக் காலை ஆறு மணி வேலை. அதற்கு முன்னர் உங்கள் மகளை உன் அக்கா வீட்டில் விடவேண்டும். ரெயிலை நம்பினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். கார் இல்லையென்றால் வேலை இல்லை.

நான் வழக்கம்போல யோசிக்காமல் வாயைத் திறந்தேன். “இருபது வயசுக் கார் ஜெனி. உடைக்கிறவனிட்டக் குடுத்திட்டு வேற பாப்பம்.”

“இல்ல அண்ணா, இது வேணும்,” என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் டாங்க் மூடியை மாற்றினேன். இந்தப் பழுதில் பாதி அங்கேதான் இருக்கும். இதில் இல்லை. வேலையிடத்திலிருந்து புகை மெசினைக் கொண்டுவந்து குழாய்க்குள் புகையை ஊதினேன். பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வெடித்து, நூல் போலப் புகை வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், துள்ளாத குறை. குழாயை மாற்றித் திரும்ப ஊதினேன், புகை எங்கேயும் வரவில்லை. சோதனைக்கு அனுப்பினேன். திரும்பவும் பெயில். மணம் அப்படியே இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. கவலை என்று நினைக்காதே. விடை தெரியாத கணக்கு எனக்குச் சொறி மாதிரி, உனக்குத்தான் தெரியுமே.

சனிக்கிழமை காலை கரிப் பெட்டியைக் கழற்றினேன். உனக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன்! டாங்கிலிருந்து எழும்பும் ஆவியை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கரி பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது அதை இழுத்து எரிக்கும். உள்ளே ஆவி மட்டும்தான் போகலாம். டாங்கை அளவுக்கு மேல் நிரப்பிப் பெற்றோலே போனால் கரி நாசம். உன் பெட்டி செங்கல் மாதிரிக் கனத்தது. சரித்தேன். பெற்றோல் கையெல்லாம் ஊற்றியது.

உன்னைத்தான் திட்டினேன். வென்ற்வேர்த்வில் பெற்றோல் செட்டில் நாங்கள் பிடித்த சண்டைகள் கொஞ்சமா? பம்ப் “கிளிக்” என்று தானாக நிற்கும். நீ திரும்ப அமத்துவாய். திரும்பக் கிளிக். திரும்ப அமத்துவாய். கழுத்துவரை பளபளவென்று தெரியும்வரை விடமாட்டாய்.

“கிளிக் எண்டா காணும் எண்டு அர்த்தமடா. உனக்கென்ன காதும் பழுதா?”

“நீ உன்ர காரைப் பார். என்ர டாங்குக்குள்ள ஏன் எட்டிப் பாக்கிறாய்?”

“கரிப் பெட்டி போகும், சொல்லிப்போட்டன்.”

“போனா நீ மாத்தித் தருவாய்தானே? அதுக்குத்தானே எஞ்சினியரை வச்சிருக்கிறன்.”

சிரிப்பாய். ஏன் அப்படி அடிக்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முட்டாள்தனத்துக்குக் காரணம் தேவையில்லை என்பது என் கொள்கை.

ஆனால் நிலத்தில் ஊற்றியிருந்த பெற்றோலைப் பார்த்தபோது ஏதோ இடித்தது. நீ கடைசியாக அடித்தது ஐந்து மாதத்துக்கு முன்னர். அது இவ்வளவு நாளும் ஈரமாக இருக்காது. இது புதிது.

ஜெனி தேத்தண்ணீரோடு வந்தாள்.

“எப்ப பெற்றோல் அடிச்சனீங்கள்?”

“நேற்று, வேலையால வரேக்க.”

பழைய உதிரிக் கடையில் எடுத்த வேறொரு பெட்டியைப் பூட்டினேன். “வாங்கோ, செட்டுக்குப் போவம். நீங்கள் அடிக்கிறதை நான் பாக்கவேணும்.”

“என்ன அண்ணா, சோதினையா?” என்று சிரித்தாள். மகளைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு போனோம்.

கிளிக். அமத்தினாள். கிளிக். அமத்தினாள். உன்னைப் போலவே குனிந்து கழுத்துக்குள் பார்த்தாள்.

“நிப்பாட்டுங்கோ! இதாலதான் கார் பழுதாகுது. அவன்தான் இந்தக் கூத்தைப் பழக்கினவனா?”

கையை எடுத்தாள். பிறகு சொன்னாள்.

“அவர் பழக்கேல்ல அண்ணா. என்னாலதான் அவர் பழகினவர். ஊரில எண்ணெய் இல்லாத அந்த வருசம் இவள் வயித்தில. ஒருநாள் மத்தியானம் பிள்ளை நோ எடுத்திட்டுது. அதுக்கு முதல் மூண்டு நாள் அப்பா கியூவில நிண்டும் ஓட்டோவுக்குப் பெற்றோல் கிடைக்கேல்ல. பிறகு அயல்வீட்டு உழவு மெசினில கிடத்தித்தான் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. அவர் இங்க இருந்து போனில என்ர சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவர்.”

நான் பம்பை எடுத்துக் கொளுவினேன்.

“நாங்கள் இங்க வந்திறங்கின அண்டைக்கு எயாப்போட்டில இருந்து நேரா செட்டுக்குத்தான் கொண்டுவந்தவர். நான் பாக்க டாங்க் வாய்வரைக்கும் அடிச்சவர். நீங்கள் பேசினதை வீட்ட வந்து நடிச்சுக் காட்டுவார். நல்லாச் சிரிப்பம்.”

என்னிடம் மட்டும் ஏனடா சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான். அதற்கும் ஒரு கணக்குப் போட்டிருப்பேன். அன்றும் போட்டேன்.

“முதல் கிளிக்கோடயே இந்தக் கார் முந்நூறு கிலோமீற்றர் ஓடி நியூகாசில் போய்த் திரும்பி வரும் ஜெனி.”

“அது எனக்குத் தெரியும் அண்ணா. கைக்குத்தான் தெரியாது.”

கைக்கு விளங்கப்படுத்த எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. கடைசியில் பேரம் பேசினோம்.

“பெற்றோல் முள்ளு அரைக்கு வந்தவுடன அடியுங்கோ. கிளிக் எண்டதும் கையை எடுங்கோ.”

“முக்காலுக்கு வந்தவுடன அடிக்கலாமா?”

“முக்காலுக்கே அடியுங்கோ. கிளிக் முக்கியம்.”

செவ்வாய்க்கிழமை பாஸ். ரெஜோ முடிய இரண்டு நாள் மிச்சம். புதன் காலை ஐந்தேகாலுக்கு மகளின் சப்பாத்துப் படத்தோடு செய்தி வந்தது: “வேலைக்குப் போறம் அண்ணா.” போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பார்த்தேன், முள் முக்காலுக்கும் மேலே. அப்படியிருந்தும் செட்டுக்குள் திருப்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை. கிளிக் என்றதும் கையை எடுத்தாள்.

வேலையிடத்தில் இப்போது ஒரு மெசின் நின்றால் உடனே திறப்பதில்லை. அதை ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, “நீங்கள் ஓட்டிறதை ஒருக்காக் காட்டுங்கோ” என்கிறேன். பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்கிறேன். எனக்குப் பொறுமை வந்துவிட்டதாகப் பொடியள் பகிடி பண்ணுகிறார்கள். பொறுமை வரவில்லை மச்சான். உன்னோடு நான்கு வருடம் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் நின்றும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை, இப்போது கண்டவர் நின்றவரிடமெல்லாம் கேட்டுத் திரிகிறேன்.