பேசவிட்ட இருபது நிமிடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

அடையாறு ஸ்கேன் சென்டரில் பத்தொன்பதாவது ஊசி. பயிற்சி தரும் சூடாமணி மேடம் பக்கத்தில் நின்று பார்த்துப் பயிற்சி ஏட்டில் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒன்றுதான். இருபது முடிந்தால் மார்ச்சில் அந்த சென்டரிலேயே வேலை. அடையாறிலிருந்து ராயப்பேட்டை வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல.

பிப்ரவரி 5, வியாழன்

இருபதாவது, மயிலாப்பூர் நீரஜா மாமி. மார்பில் வந்த புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். கதிரியக்க மருந்து ஏற்றியதும் ஒரு மணி நேரம் தனியறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். எந்தத் தசை உழைக்கிறதோ அங்கே மருந்து போய்ச் சேரும். படத்தில் நோய் போலவே தெரியும். இதைச் சொல்லிவிட்டு நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும்.

சொன்னேன். மேடமும் கையெழுத்திட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். "தனியா இருக்க பயமா இருக்குடிம்மா, செத்த நில்லேன்" என்றார் மாமி. கதவோரம் நின்றேன். மகன், மருமகள், ஒழுகும் குழாய் என்று இருபது நிமிடம் பேசினார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

மாமியின் படத்தில் தொண்டை பளிச்சென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் சுத்தம். தொண்டைக்குள் குழாய்விட்டுப் பார்க்கச் சொல்லி டாக்டர் கோதண்டபாணி ரிப்போர்ட்டில் எழுதப்போகிறார். அது மாமி பேசியதால் என்று தெரிந்தே டாக்டர் பக்கத்தில் நின்றேன். ஏன் வாயைத் திறக்கவில்லை?

பிப்ரவரி 7

சாப்பிடவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மாமியைப் பேசவிட்டதைச் சொல்லிட்டேன். டாக்டர் திட்டக்கூட இல்லை. எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். மேடம்தான் விடவில்லை. "பேச உட்டதுகூட பரவால்ல. மூணு நாளா தெரிஞ்சிக்கினே கம்முனு இருந்த பாரு, அதுக்கு இன்னா சொல்றது?"

இருபதாவது கையெழுத்தை அடித்தார். மற்ற பத்தொன்பதையும் சேர்த்து. மார்ச் வேலை போச்சு. அவங்க செஞ்சது சரிதான், தெரியுது. ஆனா மறுபடி ஒண்ணுலேருந்தா — முடியலை.

பிப்ரவரி 11, புதன்

மாமி ரிப்போர்ட் வாங்க வந்தார். நோய் எங்கும் இல்லை. ரிப்போர்ட் இத்தனை நாள் தாமதமானதற்கு நான்தான் காரணம் என்று நானே சொன்னேன். மாமி நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாளா நான் தூங்கலை, தெரியுமோ?" மன்னிப்புக் கேட்டேன். ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அடுத்த ஸ்கேன் ஆகஸ்டில்.

"அப்பவும் நீயே ஊசி போடு. ஆனா போட்டதும் வெளியில போயிடணும். நானே கூப்பிட்டாலும் நிக்கப்படாது."

ஆகஸ்டில் எங்கே இருப்பேனோ தெரியாது. சரி மாமி என்றேன்.